இங்கிலாந்துச் சிறைகளின் வரலாற்றை ஆராய்வது எப்படி: சட்டம், சுவர், பதிவேடு

இங்கிலாந்தின் சிறைகளைப் பற்றி எழுத முனைகிற பலரும் முதலில் செய்வது, நாடாளுமன்றச் சட்டங்களை ஆண்டு வரிசையில் அடுக்கி வைப்பதுதான். 1779, 1823, 1835, 1865, 1877, 1898, 1948 என்று அந்த வரிசை கைக்கு வந்துவிட்டால் கட்டுரை பாதி முடிந்ததாகவே தோன்றும். ஆனால் அதன் முதற்படியே வழுக்குகிறது. 1779ஆம் ஆண்டின் திருத்தச்சிறைச் சட்டம், ஆண்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாக இரண்டு பெரிய சிறைகளை அரசே கட்டவேண்டும் என்று விதித்தது. எந்த இடத்தில் கட்டுவது என்பதிலேயே மேற்பார்வையாளர்களுக்குள் கருத்து வேறுபட்டு, இரண்டில் ஒன்றுகூட எழும்பவில்லை. சட்டப் புத்தகத்தை மட்டும் நம்பியவர், 1780களில் லண்டன் அருகே தனியறைச் சிறைகள் இயங்கிக்கொண்டிருந்தன என்று எழுதிவிடக்கூடும். அதே பத்தாண்டில், மைய அரசு செய்யாததைக் குளொஸ்டர்ஷயர் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) தன் சொந்த வரிப்பணத்தில் செய்யத் தொடங்கி, 1791இல் தனியறைகள் கொண்ட சிறையைத் திறந்தது என்பதும் அவர் கண்ணில் படாமல் போகும்.

ஆகவே எந்தச் சீர்திருத்தத்தைச் சந்தித்தாலும், அதன் வாசகத்தை எழுதி வைத்துக்கொள்வதோடு நில்லாமல் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பழகுவது நல்லது. இதற்குப் பணம் கொடுத்தவர் யார்? இதனால் உள்ளே இருந்தவரின் ஒரு நாள் எவ்வகையில் மாறியது? பின்வரும் வழிமுறைகள் எல்லாம் இந்த இரண்டு கேள்விகளுக்கு விடை தேடும் உத்திகளே.

எல்லையையும் சொற்களையும் முதலில் வரையறுங்கள்

'பிரிட்டிஷ் சிறைகள்' என்று தலைப்பிடுவதைத் தவிருங்கள். இங்கிலாந்தும் வேல்ஸும் ஒரே சட்ட எல்லைக்குள் அடங்கியவை. ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமும் தனி நிர்வாகமும் உண்டு. அயர்லாந்தின் கதை முற்றிலும் வேறு. 1850களில் அயர்லாந்தில் வால்டர் கிராஃப்டன் நடத்திய இடைநிலைச் சிறைகளை இங்கிலாந்தின் கணக்கில் எழுதிவிடுவது அடிக்கடி நிகழும் பிழை.

அடுத்த இடர், நம் மொழியில் 'சிறை' என்ற ஒரே சொல் இருப்பதால் வருவது. இங்கிலாந்தின் ஆவணங்களில் நான்கைந்து வேறுபட்ட நிறுவனங்கள் உள்ளன. மொழிபெயர்ப்பில் அவை ஒன்றாகிவிட்டால் வரலாறே குழம்பிவிடும். 1166ஆம் ஆண்டின் கிளாரண்டன் ஆணையின்படி ஒவ்வொரு கவுண்டியிலும் இருக்கவேண்டியதாயிற்று 'ஜெயில்'. அது முதன்மையாகக் காத்திருக்கும் இடம்: விசாரணைக்கோ, தூக்குக்கோ, நாடுகடத்தலுக்கோ, கடன் தீர்வதற்கோ ஒருவர் அங்கே காத்திருந்தார். அடைத்து வைப்பதே தண்டனை என்ற எண்ணம் அதற்கு அடிப்படையன்று. 'பிரைட்வெல்' வேறு. எட்டாம் ஹென்றி கட்டிய பிரைட்வெல் அரண்மனையை, அவருடைய மகன் ஆறாம் எட்வர்ட் 1553இல் லண்டன் நகராட்சிக்கு அளித்தார். ஊர் சுற்றுவோரையும் சில்லறைக் குற்றவாளிகளையும் அங்கே வேலை வாங்கித் 'திருத்துவது' நோக்கம். பின்னர் நாடெங்கும் எழுந்த இத்தகைய வீடுகள் அனைத்துக்கும் அந்த அரண்மனையின் பெயரே பொதுப்பெயராயிற்று. உழைப்பின் மூலம் திருத்தம் என்ற பேச்சு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று கருதுவோர் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளவேண்டும்.

ஜெயில், பிரைட்வெல் என்ற வேறுபாட்டை 1865ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கி, இரண்டையும் 'உள்ளூர்ச் சிறை' ஆக்கியது. அதற்கு இணையாக, நீண்ட தண்டனை பெற்றோருக்கென உள்துறையின் கீழ் 'கன்விக்ட் சிறைகள்' இயங்கின. தேம்ஸ் ஆற்றிலும் துறைமுகங்களிலும் நங்கூரமிட்டுக் கிடந்த பழைய போர்க்கப்பல்களான 'ஹல்க்' சிறைகள் மூன்றாவது வகை. குறிப்பெடுக்கும்போதே இந்தப் பெயர்களை அப்படியே ஒலிபெயர்த்து எழுதிவிடுங்கள். தமிழ்ச் சொல்லைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.

பணத்தைப் பின்தொடருங்கள்

பதினெட்டாம் நூற்றாண்டின் ஜெயிலர் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர். கைதிகளிடம் பெற்ற கட்டணங்களே அவருடைய வருமானம். விலங்கை இளக்குவதற்கு, படுக்கைக்கு, பீருக்கு, இறுதியில் வெளியே போவதற்கு என ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை இருந்தது. பணம் உள்ளவர் ஜெயிலரின் வீட்டுப் பக்கத்தில் வசதியாக இருக்க, இல்லாதவர் வைக்கோலில் கிடந்தார்.

1773இல் பெட்ஃபோர்ட்ஷயர் கவுண்டியின் ஷெரிஃப் பதவியை ஏற்ற ஜான் ஹோவர்ட், அந்தப் பதவியில் பலரும் செய்யாத ஒன்றைச் செய்தார்: தன் பொறுப்பிலிருந்த சிறைக்குள் போய்ப் பார்த்தார். குற்றமற்றவர்கள் எனத் தீர்ப்பானவர்களும், வழக்கே தொடுக்கப்படாதவர்களும், கட்டணம் செலுத்த வழியின்றி மீண்டும் உள்ளே அடைக்கப்பட்டிருந்தனர். பெட்ஃபோர்டில் ஜெயிலருக்கு 15 ஷில்லிங் 4 பென்னியும் திறவுகோல்காரருக்கு 2 ஷில்லிங்கும் கொடுத்தாலன்றி விடுதலை இல்லை. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி என்ற பழைய கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, இத்தகைய தொகையை அக்காலக் கூலியோடு ஒப்பிடுங்கள். பண்ணைத் தொழிலாளி ஒருவருக்கு இது இரண்டு வாரக் கூலிக்குக் குறையாது. ஜெயிலருக்குச் சம்பளம் கொடுத்துவிடலாமே என்று ஹோவர்ட் கவுண்டி நீதிபதிகளிடம் கேட்டபோது, வேறெங்காவது அப்படிக் கொடுக்கும் முன்னுதாரணம் உண்டா என்று அவர்கள் திருப்பிக் கேட்டனர். அந்த முன்னுதாரணத்தைத் தேடி அவர் அண்டைக் கவுண்டிகளுக்குக் குதிரையில் புறப்பட்டார். அது கிடைக்கவில்லை, எல்லா இடத்திலும் அதே அநீதி கிடைத்தது. சிறைச் சீர்திருத்தம் என்று இன்று நாம் சொல்வதன் பெரும்பகுதி, வரிப்பணத்தைச் செலவிட மனமில்லாத சில கனவான்கள் கேட்ட ஒரு சாக்குக் கேள்வியிலிருந்து தொடங்கியது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு வியப்பு உண்டு.

1774இல் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று, விடுதலையானோரின் கட்டணத்தைக் கவுண்டியே ஏற்கச் செய்தது. மற்றொன்று, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் காற்றோட்டம் ஏற்படுத்தவும் நோயறைகள் அமைக்கவும் சொன்னது. இரண்டாவதன் பின்னணியில் இருந்தது இரக்கம் மட்டுமன்று. 'சிறைக்காய்ச்சல்' எனப்பட்ட டைஃபஸ், கைதிகளின் உடையிலிருந்து நீதிமன்றத்துக்குத் தாவக்கூடியது. 1750இல் லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் அது நீதிபதிகளையும் நகர மேயரையுமே கொன்றது. இருந்தும் கட்டணங்கள் முற்றாக ஒழிய 1815 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. ஒரு சட்டம் வந்த ஆண்டுக்கும் அது சொன்னது நடைமுறையான ஆண்டுக்கும் இடையே இத்தனை தொலைவு இருக்கலாம் என்பதால், 'ஒழிக்கப்பட்டது' என்ற வினையை எழுதும் முன் இன்னொரு முறை சரிபாருங்கள்.

ஹோவர்ட் 1777இல் வெளியிட்ட அறிக்கை நூலை ஆராய்ச்சி முறைக்கான பாடமாகவே படிக்கலாம். அவர் அறைகளை அளந்தார்; ரொட்டியின் எடையைக் குறித்தார்; கட்டணப் பட்டியல்களைப் படியெடுத்தார்; தலைகளை எண்ணினார். அவர் கணக்கில் வந்த 4,084 கைதிகளில் 2,437 பேர் கடன்காரர்கள். பெருங்குற்றத்துக்காக அடைபட்டவர் 994 பேர் மட்டுமே. அக்காலச் சிறையைக் கொலைகாரர்களும் கொள்ளையர்களும் நிறைந்த இடமாகக் கற்பனை செய்வோருக்கு இந்த ஒரு கணக்கே போதிய மறுமொழி. கடனுக்காகச் சிறையிடும் வழக்கத்தின் பெரும்பகுதி 1869ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் முடிவுக்கு வந்தது. மார்ஷல்சீ கடன்சிறையில் 1824இல் அடைக்கப்பட்டவர்களுள் சார்லஸ் டிக்கன்ஸின் தந்தையும் ஒருவர். சவுத்வர்க்கில் அந்தச் சிறையின் ஒரு நீண்ட மதில் இன்றும் நிற்கிறது.

நாடுகடத்தலையும் இதே கணக்கில் வைத்துப் பாருங்கள். 1718ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் குற்றவாளிகளை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்புவது அரசுக்கு மலிவான வழியாக இருந்தது. அமெரிக்க விடுதலைப் போர் அந்த வழியை அடைத்ததும், 1776இல் 'தற்காலிக' ஏற்பாடாக ஹல்க் கப்பல்கள் வந்தன. அந்தத் தற்காலிகம் 1857 வரை நீடித்தது. 1788 முதல் 1868 வரை ஆஸ்திரேலியாவுக்கு 1,60,000க்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டனர். லண்டனின் பென்டன்வில் போன்ற பெருஞ்சிறைகள் எழுந்ததும், பின்னர் நாட்டுக்குள்ளேயே நீண்ட தண்டனை முறை உருவானதும், அந்தக் குடியேற்றங்கள் ஒவ்வொன்றாகக் கைதிகளை ஏற்க மறுத்த நிகழ்வோடு பிணைந்தவை. நியூ சவுத் வேல்ஸ் 1840இலும், வான் டீமன்ஸ் லேண்ட் (இன்றைய டாஸ்மேனியா) 1853இலும் கதவடைத்தன. நாடுகடத்தலுக்கு மாற்றாக நாட்டுக்குள்ளேயே நீண்ட கட்டாய உழைப்பை விதித்த 'தண்டனை அடிமையுழைப்பு'ச் சட்டம் வந்ததும் அதே 1853இல்தான்.

கட்டடத்தைப் படியுங்கள்

ஏட்டில் இல்லாததைச் சுவர் சொல்லும். ஒரு பழைய சிறையின் தளவரைபடம் கிடைத்தால், வாயிலிலிருந்து தொடங்காமல் மையத்திலிருந்து தொடங்குங்கள். நடுவில் ஒரு கூடமும் அதிலிருந்து விரல்கள்போல விரியும் கட்டடங்களும் இருந்தால், அது பெரும்பாலும் 1842இல் திறக்கப்பட்ட பென்டன்வில்லின் வழிவந்தது. ஜோஷுவா ஜெப் வடிவமைத்த அந்த லண்டன் சிறையில் நான்கு சிறகுகளும் 520 அறைகளும் இருந்தன. ஒவ்வோர் அறையும் சுமார் 13 அடி நீளம், 7 அடி அகலம், 9 அடி உயரம். அடுத்த ஆறாண்டுகளுக்குள் 54 சிறைகள் அதைப் பின்பற்றி எழுந்தன.

இங்கே ஒரு பொதுப் பிழையைச் சுட்டவேண்டும். இவ்வகைச் சிறையை 'பனாப்டிகான்' என்று எழுதும் பழக்கம் பரவலாக உள்ளது. ஜெரமி பெந்தம் 1791இல் முன்வைத்த பனாப்டிகானில், நடுக்கோபுரத்தில் இருப்பவரால் சுற்றியுள்ள எல்லா அறைகளின் உட்புறத்தையும் காணமுடியும். பென்டன்வில்லின் நடுக்கூடத்தில் நிற்பவருக்குத் தெரிவன அறைக்கதவுகளும் நடைபாதைகளும்தான். உள்ளே இருப்பவரைப் பார்க்கக் கதவிலுள்ள துளைக்கு நடந்து போகவேண்டும். பெந்தமின் திட்டம் இங்கிலாந்தில் கட்டப்படவே இல்லை. அதற்கென லண்டனில் வாங்கிய மில்பேங்க் நிலத்தில் 1816இல் வேறொரு வடிவில் ஒரு சிறை திறக்கப்பட்டது. அங்கே 1822இல் உணவைக் குறைத்ததைத் தொடர்ந்து ஸ்கர்வி நோயும் வயிற்றுப்போக்கும் பரவி, கைதிகளை வெளியேற்றவேண்டியதாயிற்று. அந்தச் சிறையை இடித்த இடத்தில் 1897 முதல் டேட் ஓவியக்கூடம் நிற்கிறது.

சிறகுகளின் பொருள் விளங்கவேண்டுமானால் அக்காலத்தின் பெரிய விவாதத்தை அறியவேண்டும். கைதிகளைப் பகலில் ஒன்றாக வேலை வாங்கிப் பேச்சை மட்டும் தடைசெய்வது 'மௌன முறை'. இரவும் பகலும் தனித்தனி அறையில் வைப்பது 'பிரிப்பு முறை'. முன்னதற்கு அமெரிக்காவின் ஆபர்ன் சிறையும், பின்னதற்குப் பென்சில்வேனியாவும் முன்மாதிரிகள். 1835ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த சிறை ஆய்வாளர்களுள் வில்லியம் கிராஃபர்டும் விட்வர்த் ரஸ்ஸலும் பிரிப்பு முறையின் தீவிர ஆதரவாளர்கள். தனிமையில் மனச்சாட்சி விழித்தெழும் என்பது அவர்களது நம்பிக்கை. பென்டன்வில்லில் கைதிக்குப் பெயர் கிடையாது, எண் மட்டுமே. அறையை விட்டு வரும்போது முகத்தை மறைக்கும் தொப்பி. தேவாலயத்தில்கூட ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி போன்ற இருக்கை, போதகரைத் தவிர வேறு முகம் தெரியாது. தொடக்கத்தில் 18 மாதம் என்றிருந்த இத்தனிமை, மனநிலை பாதிக்கப்பட்டோரின் எண்ணிக்கை மறைக்கமுடியாததாகியபின் படிப்படியாக ஒன்பது மாதமாயிற்று. இந்தக் குறைப்பைத் தேதியோடு குறித்து வைத்துக்கொண்டால், ஒரு கொள்கை தன் தோல்வியை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளாமல் எப்படிப் பின்வாங்குகிறது என்பதைக் காணலாம். அத்தகைய தேவாலய இருக்கைகள் லிங்கன் கோட்டையின் விக்டோரியா காலச் சிறையில் இன்றும் உள்ளன. இங்கிலாந்துக்குப் போக வாய்ப்புள்ளவர் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்கமுடியும் என்றால் அதைப் பார்க்கட்டும்.

முற்றத்தில் நீண்ட கொட்டகை ஒன்று வரைபடத்தில் தெரிந்தால் அது மிதிசக்கரத்துக்கானதாக இருக்கலாம். வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் 1818ஆம் ஆண்டளவில் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் சிறைக்காக வடிவமைத்த இந்தச் சக்கரத்தில், முடிவில்லாத படிக்கட்டில் ஏறுவதுபோல் கைதிகள் வரிசையாக மிதித்தனர். சில இடங்களில் அது மாவரைத்தது, நீர் இறைத்தது. பல இடங்களில் காற்றைத்தான் அரைத்தது.

ஒருவரின் தடத்தைத் தேடுங்கள்

பொது வரலாற்றை விட்டு ஒரு தனிமனிதரின் தண்டனையைப் பின்தொடர்வதே இத்துறையைக் கற்க மிகச் சிறந்த வழி என்பது என் கருத்து. அதற்கு வேண்டிய முதல் கருவி இணையத்தில் இலவசமாகவே உள்ளது. 1674 முதல் 1913 வரை ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நடந்த ஏறத்தாழ 1,97,000 வழக்குகளின் அச்சிட்ட நடவடிக்கைகள் தேடத்தக்க வடிவில் கிடைக்கின்றன. 'டிஜிட்டல் பனாப்டிகான்' என்ற தளம், அந்த நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர்களைச் சிறை, கப்பல், குடியேற்றப் பதிவுகளோடு இணைத்துக் காட்டுகிறது. லண்டனுக்கு வெளியே நடந்த வழக்கானால், லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் எச்.ஓ. (உள்துறை) 27 வரிசையில், 1805 முதல் 1892 வரையிலான குற்றப் பதிவேடுகளில் கவுண்டி வாரியாகப் பெயரைத் தேடுங்கள். சிறைப் பதிவேடுகள் பி.சி.ஓ.எம். (சிறை ஆணையம்) 2 வரிசையிலும், முன்விடுதலைச் சீட்டுகள் ஆண்களுக்குப் பி.சி.ஓ.எம். 3இலும் பெண்களுக்குப் பி.சி.ஓ.எம். 4இலும் உள்ளன. உள்ளூர்ச் சிறைகளின் பழைய ஏடுகள் பெரும்பாலும் கவுண்டி ஆவணக் காப்பகங்களில், காலாண்டு நீதிமன்றக் கட்டுகளுக்கிடையே கிடக்கும்.

கிடைத்த தாளை வாசிக்கும்போது தண்டனையின் பெயரை உற்றுப் பாருங்கள். 'சிறைத்தண்டனை, கடும் உழைப்புடன்' என்றிருந்தால் வழக்கமாக இரண்டாண்டுக்கு மேற்படாது; அது உள்ளூர்ச் சிறையில் கழியும். 'தண்டனை அடிமையுழைப்பு' என்றிருந்தால் வழி வேறு: 1864க்குப் பின் குறைந்தது ஐந்தாண்டு, முதல் ஒன்பது மாதம் மில்பேங்க் அல்லது பென்டன்வில்லில் தனிமை, பிறகு போர்ட்லண்ட், டார்ட்மூர், சாத்தம், போர்ட்ஸ்மத் ஆகியவற்றுள் ஒன்றில் கல்லுடைப்போ துறைமுக வேலையோ, நாள்தோறும் ஈட்டும் மதிப்பெண்களைப் பொறுத்து ஆண்களுக்குக் கால்பங்கு வரையும் பெண்களுக்கு மூன்றில் ஒருபங்கு வரையும் கழிவு, இறுதியில் நிபந்தனைச் சீட்டுடன் வெளியேற்றம். இந்த வழித்தடம் மனத்தில் இருந்தால், உங்கள் ஆள் ஏன் திடீரென்று ஒரு ஏட்டிலிருந்து மறைந்து இன்னொன்றில் தோன்றுகிறார் என்பது விளங்கும். 1870களிலிருந்து நிழற்படமும் கிடைக்கலாம். ஓவியம் வரைவோருக்கு ஒரு சொல்: ஆங்கிலேயக் கன்விக்டின் உடையில் இருந்தது அரசுச் சொத்தைக் குறிக்கும் அம்புக்குறி, கோடு போட்ட சட்டை அமெரிக்காவினது.

எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் வழக்கு இதற்கு நல்ல பயிற்சி. 1895இல் அவருக்குக் கிடைத்தது கடும் உழைப்புடன் இரண்டாண்டு, அதாவது அக்குற்றத்துக்கான உச்சத் தண்டனை. எனவேதான் அவரைப் போர்ட்லண்டிலோ டார்ட்மூரிலோ காணமுடியாது; பென்டன்வில், வாண்ட்ஸ்வர்த், ரெடிங் என்று உள்ளூர்ச் சிறைகளிலேயே அவர் காலம் கழிந்தது. ரெடிங்கில் அவருடைய அடையாளமான சி.3.3. என்பது கைதி எண் போலத் தோன்றினாலும் உண்மையில் ஒரு முகவரி: சி சிறகு, மூன்றாம் தளம், மூன்றாம் அறை.

சட்டங்களைத் தேடும்போது இன்னொரு தடை உண்டு. 1963க்கு முன்பு சட்டங்கள் அரச ஆட்சியாண்டால் குறிக்கப்பட்டன; '28 & 29 விக்டோரியா, அத்தியாயம் 126' என்பது 1865ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம். 1752க்கு முந்தைய ஆவணங்களில் புத்தாண்டு மார்ச் 25இல் தொடங்கியதையும் மறவாதீர்கள். 'பிப்ரவரி 1730' என்பது நம் கணக்கில் 1731ஆகலாம்.

எண்களை ஐயத்தோடு அணுகுங்கள்

சிறைப் புள்ளிவிவரங்களில் 'உள்வரவு' என்பதும் 'அன்றாடச் சராசரி' என்பதும் வேறு வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஓராண்டின் உள்வரவு ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருக்க, ஒரு நாளில் உள்ளே இருந்தவர்கள் சுமார் இருபதாயிரம் பேர்தான். குடிபோதைக்கும் சிறு தொல்லைகளுக்கும் விதித்த அபராதத்தைக் கட்ட முடியாமல் ஒரு வாரம், இரண்டு வாரம் எனத் திரும்பத் திரும்ப வந்துபோன ஏழைகளே இந்த இடைவெளிக்குக் காரணம். அபராதம் செலுத்தத் தவணை கொடுக்கச் சொன்ன 1914ஆம் ஆண்டுச் சட்டம், பெரிய தத்துவம் எதுவும் பேசாமலே கூட்டத்தைப் பெருமளவு குறைத்தது. இரு போர்களுக்கு இடையே நாளொன்றுக்குச் சுமார் 11,000 கைதிகளே இருந்தனர், பல சிறைகள் மூடப்பட்டன. சீர்திருத்த வரலாற்றில் இச்சட்டத்துக்கு அரைப்பக்கம்கூடக் கிடைப்பதில்லை. இன்று அந்த எண்ணிக்கை 85,000ஐத் தாண்டி நிற்கிறது. 1900ஆம் ஆண்டளவில் கைதிகளில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் பெண் என்பதையும், இன்று அது நூற்றுக்கு நான்கு என்பதையும் ஒப்பிட்டால் இன்னொரு ஆய்வுக்கே தலைப்பு கிடைக்கும்.

எழுதியவர் யார் என்று பாருங்கள்

உள்ளிருந்தோரில் பெரும்பாலோர் எதையும் எழுதி வைக்கவில்லை. நமக்குக் கிடைப்பவை சென்று பார்த்தோரின் சாட்சியங்களும், அபூர்வமாக உள்ளே போன படித்தவர்களின் சாட்சியங்களுமே. சீர்திருத்தவாதி எலிசபெத் ஃப்ரை 1813இல் லண்டனின் நியூகேட் சிறைக்குள் சென்றபோது ஏறத்தாழ 300 பெண்களும் அவர்களது குழந்தைகளும் சில அறைகளில் நெருக்கியடித்துக் கிடந்தனர். 1817இல் அவர் அங்கே பள்ளியும் தையல் வேலையும் தொடங்கினார். பெண் கைதிகளைப் பெண்களே காக்கவேண்டும் என்ற விதி 1823ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. இந்தப் பணியின் மதிப்பு குறையாது. ஆயினும் நாம் வாசிப்பது ஃப்ரையின் தரப்பை. வேதாகமம் வாசிக்கக் கேட்டு அமர்ந்திருந்த பெண்களின் தரப்பு நம்மிடம் இல்லை. கிடைக்கும் சிறு கீற்றுகளை விடாதீர்கள்: உள்துறைக்குச் சென்ற மனுக்கள் எச்.ஓ. 17, 18 வரிசைகளில் உள்ளன. எழுத்தரைக் கொண்டு எழுதியவையானாலும், இடையிடையே ஒரு தாயின் குரலோ கணவரின் குரலோ கேட்கும்.

அதிகாரிகளின் தரப்பையும் அப்படியே ஏற்கவேண்டாம். பசிபிக் கடலின் நார்ஃபோக் தீவுக் கைதிக் குடியேற்றத்தில் மதிப்பெண் முறையை முயன்று பார்த்துவிட்டு, பின்னர் பர்மிங்ஹாம் சிறையின் தலைவராக வந்த அலெக்சாண்டர் மக்கனாக்கி, கைதிகளிடம் மென்மை காட்டியதாகக் கருதப்பட்டு 1851இல் நீக்கப்பட்டார். அவருடைய துணைவராக இருந்து பொறுப்பேற்றவரின் காலத்தில், கைப்பிடிச் சக்கரத்தைச் சுழற்றும் தண்டனையும் உணவு மறுப்பும் தாங்காமல் 1853இல் பதினைந்து வயதுச் சிறுவன் தூக்கிட்டுக்கொண்டான். அதன்மீது நடந்த அரச விசாரணையின் அறிக்கை, தினப்பதிவேட்டில் எழுதப்பட்டதும் உண்மையில் நடந்ததும் எவ்வளவு விலகியிருந்தன என்பதை வரிவரியாகக் காட்டுகிறது. பதிவேட்டை நம்புவதற்குமுன் அந்த அறிக்கையை ஒருமுறை வாசித்துவிடுவது நலம்.

1878 ஏப்ரல் முதல் நாள் எல்லா உள்ளூர்ச் சிறைகளும் மைய அரசின் கைக்கு வந்தன. அதற்குப் பின், சிறை ஆணையத்தின் தலைவர் எட்மண்ட் டு கேனின் ஆண்டறிக்கைகள் ஒழுங்கும் சிக்கனமும் பேசும். 1865 முதலே நிலவிய 'கடும் உழைப்பு, கடும் உணவு, கடும் படுக்கை' என்ற கொள்கை அவற்றின் அடியில் ஓடும். 1894இல் செய்தித்தாள் கட்டுரைகள் கிளப்பிய கண்டனத்தைத் தொடர்ந்து ஹெர்பர்ட் கிளாட்ஸ்டன் தலைமையில் குழு அமைந்து, அச்சுறுத்தலோடு திருத்தமும் சம நோக்கமாகவேண்டும் என்று 1895இல் அறிவித்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மிதிசக்கரம் வழக்கொழிந்தது. இளைஞர்களுக்கெனக் கென்ட் கவுண்டியின் போர்ஸ்டல் ஊரில் 1902இல் தொடங்கிய சோதனை 1908இல் சட்டமாயிற்று. அலெக்சாண்டர் பேட்டர்சன் சிறை ஆணையராக இருந்த 1922 முதல் 1946 வரையிலான காலத்தில், மனிதர் சிறைக்கு வருவதே தண்டனை, வந்தபின் தண்டிக்கப்படுவதற்காக அல்ல என்ற அவருடைய கருத்து புகழ்பெற்றது. 1948இல் தண்டனை அடிமையுழைப்பும் கடும் உழைப்பும் சட்டத்திலிருந்தே நீங்கின.

கழிவறையைத் தேடுங்கள்

கடைசி உத்தி சற்றே நயமற்றது. ஆனால் சோர்வின்றி வேலை செய்வது. எந்தக் காலத்தைப் படித்தாலும் அறைக்குள் கழிவறை இருந்ததா என்று பாருங்கள். 1842இன் பென்டன்வில்லில் ஒவ்வோர் அறையிலும் நீர்க் கழிப்பிடமும் கைகழுவும் தொட்டியும் இருந்தன. அக்கால லண்டனின் பெரும்பாலான வீடுகளில் இல்லாத வசதி. குழாய்கள் அடைத்துக்கொண்டன, அவற்றைத் தட்டிக் கைதிகள் பேசிக்கொண்டனர் என்ற காரணங்களால் அவை பின்னர் அகற்றப்பட்டு வாளிகள் வந்தன. ஆளுக்கொரு அறை என்ற விதி நெருக்கடியில் தளர்ந்தபோதும் வாளிகள் அங்கேயே இருந்தன. இரவு முழுதும் ஒரே அறையில் இரண்டு பேரும் மூன்று பேரும் அவற்றோடு கிடந்து, காலையில் வரிசையாகச் சென்று கொட்டினர். 1990 ஏப்ரல் முதல் நாள் மான்செஸ்டரின் ஸ்ட்ரேஞ்ஜ்வேஸ் சிறையில் தேவாலயத்தில் தொடங்கிய கலகம் 25 நாள் நீடித்தது. அதை விசாரித்த வுல்ஃப் பிரபு, 1991இல் தந்த அறிக்கையில் வாளி முறைக்கு முடிவு கட்டச் சொன்னார். 1996இல் அது அதிகாரபூர்வமாக நின்றது.

பென்டன்வில் இன்றும் சிறையாகவே இயங்குகிறது. ஜெப்பின் தளவரைபடம் அச்சில் கிடைக்கிறது. 1981 முதல் இயங்கும் சிறை ஆய்வாளர் அமைப்பின் அறிக்கைகள் இணையத்தில் கிடைக்கின்றன. இரண்டையும் அருகருகே விரித்து, ஒருவருக்கென அளந்து கட்டிய அறையில் இப்போது எத்தனை கட்டில்கள் போடப்பட்டுள்ளன என்று எண்ணத் தொடங்குங்கள்.